நாற்பது வினாடி சாஸ்

என் தங்கை புருஷனைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால், "நல்ல பசி" என்று சொல்வேன். அதற்கு மேல் எவ்வளவு துழாவினாலும் கிடைக்காது. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம். நடுவில் உள்ள பகல் முழுவதும் சாப்பாட்டு மேசையில்தான் வாசம். எதையாவது மென்றுகொண்டே உலகத்து விஷயம் எல்லாவற்றுக்கும் கருத்துச் சொல்வார். நான் அவரை மாப்பிள்ளை என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவேன். மரியாதை வாயோடு சரி.

நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. இருபத்திரண்டு வருடமாகப் பெயிண்ட் கம்பெனி லேபில் கெட்டி பார்ப்பது என் வேலை. பெயிண்ட் நீர்த்திருந்தால் சுவரில் வழியும். ரொம்பக் கெட்டியாக இருந்தால் பிரஷ்ஷைப் பிடித்து இழுக்கும். இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்க வேண்டும் என்று அளந்து சொல்கிறவன் நான். அதற்கென்று ஒரு உலோகக் கப் இருக்கிறது. அடியில் சின்ன ஓட்டை. ஓட்டையை விரலால் அடைத்துக் கப்பை நிரப்பி, விரலை எடுத்தால் பெயிண்ட் நூலாக இறங்கும். நூல் அறுகிற வரை எத்தனை வினாடி என்று பார்ப்போம். வினாடி கூடினால் கெட்டி, குறைந்தால் தண்ணி. அவ்வளவுதான் வேலை. ஆனால் அந்த அவ்வளவை ஒழுங்காகச் செய்யப் பத்துப் பேரில் ஒருத்தனுக்குத்தான் வரும். மீதி ஒன்பது பேர் மண்டையிலும் களிமண்.

எங்கள் தாளில் மூன்று கட்டம். நேரம், வினாடி, வெப்பநிலை. எந்தச் சூட்டில் அளந்தாய் என்று எழுதாத அளவு அளவே இல்லை. இதை லேப் சுவரில் என் கையால் எழுதி ஒட்டியிருக்கிறேன். மூன்றாவது கட்டத்தை யாராவது காலியாக விட்டால் நான் சும்மா விடுவதில்லை. சிவப்புப் பேனாவால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, தாளை நோட்டீஸ் போர்டில் குத்திவிடுவேன். வருகிறவன் போகிறவன் எல்லாம் பார்க்கட்டும். என்னைவிட மூன்று வயது மூத்தவர் ஒருவர் இருந்தார். வாயே திறக்கமாட்டார் என்பதால் ஊமைச்சாமி என்று கூப்பிடுவோம். அவர் தாளும் ஒரு நாள் போர்டில் ஏறியது. "அப்புறம் எழுதிக்கலாம்னு விட்டேன் சார்" என்றார். அப்புறமாம்! ஒரு வாரம் தொங்கவிட்டேன். பிறகு அவரே கேட்டுக் குடோனுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். இந்தக் கதையைத் தங்கை வீட்டில் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன். சிரித்துக்கொண்டேதான் சொல்வேன்.

அன்று சனிக்கிழமை. காலை எட்டரைக்குத் தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, கொஞ்சம் வர முடியுமா? கேரமல் சாஸ் கெட்டியாகவே மாட்டேங்குது. இன்னைக்கு விட்டா போச்சு."

அவள் ஓட்டல் துணி வெளுக்கும் கூடத்தில் வேலை பார்க்கிறாள். பதினோரு வருடமாக நின்றபடியே படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டதில் கெண்டைக்கால் நரம்பெல்லாம் புடைத்துச் சுருண்டுவிட்டது. நிற்காதே என்கிறார் டாக்டர். உட்கார்ந்தால் வேலையில்லை என்கிறான் மேஸ்திரி. லீவு நாளில் வீட்டில் கேரமல் சாஸ் காய்ச்சி அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பாள். அதை யாரோ ருசி பார்த்துச் சொல்லி, கடைத்தெரு கேக் கடைக்காரம்மா மாதிரிக்கு இரண்டு பாட்டில் கேட்டிருந்தார். பிடித்துப்போனால் வாரத்துக்கு முப்பது பாட்டில். இஸ்திரிப் பெட்டிக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டுவிடலாம்.

முந்தின சனிக்கிழமை கொண்டுபோய்க் காட்டினார்கள். கடைக்காரம்மா ஒரு பாட்டிலைத் திறந்து கேக் மேல் சாய்த்திருக்கிறார். சாஸ் நாலாபக்கமும் ஓடி, தட்டைத் தாண்டி, மேசை விரிப்பை நனைத்துவிட்டது.

"கேக்கைக் குளிப்பாட்டவாம்மா இது?" என்று கேட்டாராம். "ருசி இருக்கு, இல்லேன்னு சொல்லல. மேல நிக்கலையே! அடுத்த சனிக்கிழமை ரெண்டு மணிக்கு வா. அன்னைக்கும் இப்படின்னா நான் வேற ஆளப் பாத்துக்கறேன்."

அந்த அடுத்த சனிக்கிழமைதான் இது. ஒரு திரவத்தின் கெட்டி விஷயமாகக் குடும்பத்துக்கு ஒரு சிக்கல் வந்து, அதற்கு ஒரு வாரம் கழித்து, கடைசி நாள் காலையில்தான் என் ஞாபகம் வருகிறது பாருங்கள். வீட்டில் வைத்தியரை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் மருந்து தேடுகிற கூட்டம்.

நான் போனபோது மாப்பிள்ளை வழக்கமான சிம்மாசனத்தில் இருந்தார். முன்னால் ஒரு ரொட்டிப் பாக்கெட், ஒரு கத்தி, கடைக்காரம்மா திறந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்த பாட்டில். அதில் பாதியை ஒரு வாரத்தில் தீர்த்திருந்தார்.

"வாங்க மச்சான், ரொட்டி சாப்பிடுங்க."

"நான் வேலையா வந்திருக்கேன் மாப்பிள்ளை."

அடுப்படியில் தங்கை ஒரு தாளில் எல்லாருடைய ஆலோசனைகளையும் எழுதி வைத்திருந்தாள். மாடி வீட்டுக்காரி சோள மாவு கரைத்து ஊற்றச் சொன்னாளாம். சோள மாவு போட்டால் கெட்டியாகும், யார் இல்லை என்றது? போஸ்டர் ஒட்டுகிற பசையும் கெட்டிதான். பளபளப்புப் போய்ச் சோகை பிடித்த மாதிரி இருக்கும். மேஸ்திரி மனைவி டின் பாலைக் கலக்கச் சொன்னாளாம். மாப்பிள்ளை போனில் ஏதோ வீடியோ பார்த்து, ஜெலட்டின் என்றாராம். அந்த வார்த்தையை அவர் ஒழுங்காக உச்சரித்திருந்தால்கூட நான் மன்னித்திருப்பேன்.

"எல்லாத்தையும் கிழிச்சுப் போடு," என்றேன். "உள்ள இருக்கிற தண்ணிச் சத்து போனா தானா கெட்டியாகும். எவ்வளவு போகணும்னு அளக்கத் தெரியணும். அதுக்குத்தான் நான் வந்திருக்கேன்."

பையிலிருந்து கப்பை எடுத்தேன். தங்கை முகம் சுளித்தாள்.

"இதுல பெயிண்ட் ஊத்தியிருக்கீங்களாண்ணா?"

"இருபது வருஷ சர்வீஸுக்குக் கம்பெனி குடுத்தது. ஷோகேஸ விட்டு இன்னைக்குத்தான் வெளிய வருது. உன் சட்டியவிடச் சுத்தம்."

அவள் கழுவித் துடைத்துத்தான் தந்தாள். பிறகு வேலையைத் தொடங்கினாள். வெறும் சட்டியில் சர்க்கரையை உருக்கி, அது செம்பு நிறத்துக்கு வந்ததும் வெண்ணெயைப் போட்டு, சூடாக்கிய கிரீமைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். சட்டி சீறியது. கைப்பக்குவம் இருக்கிறது அவளுக்கு, அதை மறுக்கமாட்டேன். எங்கள் குடும்பத்தில் பிறந்தவள். போய்ச் சேர்ந்த இடம்தான் சரியில்லை.

மேசையிலிருந்து குரல் வந்தது. "மச்சான், போன வாரம் காய்ச்சி இறக்கின கையோட சுடச்சுட பாட்டில்ல ஊத்தி வேன்ல எடுத்துட்டுப் போனோம். மடியில வச்சிருந்தவளுக்குத் தொடையே பொரிஞ்சுபோச்சு."

"வாயில இருக்கிறத முழுங்கிட்டுப் பேசுங்க மாப்பிள்ளை," என்றேன். அவர் சொன்னது என் காதில் விழுந்தது. புத்தியில் விழவில்லை. அவர் சொல்வதைப் புத்தி வரை அனுப்பும் பழக்கம் எனக்கு இல்லை.

முதல் அளவு எடுக்கும்போது ஓட்டையை விரலால் அடைத்தேன். இருபத்திரண்டு வருடப் பழக்கம். கொதிக்கிற சாஸ் விரலில் பட்டதும் நான் போட்ட சத்தத்தில் மாடி வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். தங்கை என் கையைக் குழாய்த் தண்ணீரில் பிடித்தாள். அதற்குப் பிறகு ஒரு சின்ன ஸ்பூனின் முதுகால் ஓட்டையை அடைத்துக்கொண்டு அளந்தேன். இதை நன்றாகக் கவனியுங்கள். அது எவ்வளவு சூடு என்று என் விரலுக்குத் தெரிந்திருந்தது.

வினாடி பதினாலு. தண்ணி. கடைக்காரம்மா சொன்னது சரிதான்.

மாப்பிள்ளையின் வேன் நேர அட்டவணைத் தாள் ஒன்று கிடந்தது. அதன் பின்பக்கத்தில் பழக்கதோஷத்தில் கை தானாகவே மூன்று கட்டம் போட்டது. நேரம், ஒன்பது ஐம்பது. வினாடி, பதினாலு. மூன்றாவது கட்டத்துக்கு வந்ததும், இந்த வீட்டில் ஜுரம் பார்க்கிற தெர்மாமீட்டரைத் தவிர வேறென்ன இருக்கப்போகிறது என்று தோன்றியது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

"நாற்பது வினாடி வரணும்," என்றேன். "சுவர்ல வழியாம நிக்கிற பெயிண்ட் நாற்பது. கேக்கும் ஒரு சுவர்தான். கொதிக்க விடு."

பத்தே காலுக்கு இருபத்திரண்டு. பத்தரைக்கு முப்பத்தொன்று. குமிழி சின்னச் சின்னதாக வந்த காலம் போய், பெரிய குமிழியாகச் சோம்பேறித்தனமாக வெடித்தது. மூன்று பாட்டில் அளவு இருந்தது இரண்டாக வற்றியது. தங்கை கரண்டியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள்.

"அண்ணா, போதும்னு நெனைக்கிறேன். ஒரு தட்டுல ரெண்டு சொட்டு விட்டு ஆற வச்சுப் பாக்கலாமே?"

"நெனைக்கிறதுக்கு ஊர்ல ஆயிரம் பேர் இருக்காங்க. அளக்கிறதுக்கு நான் ஒருத்தன்தான் இருக்கேன். கிளறு."

மாப்பிள்ளை ரொட்டித் துண்டோடு அடுப்படி வாசலில் வந்து நின்றார். கத்தியைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினார். அதன் நுனியில் சாஸ் ஒட்டிக்கொண்டு நின்றது.

"மச்சான், பழசு கெட்டியாத்தானே இருக்கு?"

"ஃப்ரிட்ஜுல வச்சா வெண்ணெய்கூடத்தான் கல்லாகும்."

"காலைலேர்ந்து வெளியிலதான இருக்கு."

"நீங்க போய்ச் சாப்பிடுங்க மாப்பிள்ளை."

"ஆக்கப் பொறுத்தாச்சு, ஆறப் பொறுக்கலாமேன்னு சொன்னேன்."

பழமொழி! இருபது பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவர் எனக்குப் பழமொழி சொல்கிறார். அவர் முகத்துக்கு நேராகக் கப்பை நிரப்பினேன். பத்து ஐம்பதுக்கு நூல் அறுந்தபோது நாற்பது வினாடி. இம்மி பிசகாத நாற்பது. அந்தச் சந்தோஷத்தை உங்களுக்குச் சொன்னால் புரியாது. அடுப்பை அணைக்கச் சொல்லி, இரண்டு பாட்டிலிலும் நானே ஊற்றி, மூடி, ஜன்னல் ஓரம் வைத்தேன்.

தங்கை குளிக்கப் போனாள். நான் மேசைக்கு வந்து மாப்பிள்ளைக்கு ஒரு மணி நேரம் வகுப்பெடுத்தேன். அளவு என்றால் என்ன, அனுமானம் என்றால் என்ன, ஊமைச்சாமி ஏன் குடோனுக்குப் போனார். அவர் தலையாட்டிக்கொண்டே நாலு துண்டு ரொட்டி சாப்பிட்டார்.

மணி ஒன்றுக்குத் தங்கை நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து ஒரு பாட்டிலை எடுத்தாள். சாய்த்தாள். ஒன்றும் வரவில்லை. இன்னும் சாய்த்தாள். தலைகீழாகவே பிடித்தாள். சாஸ் பாட்டிலின் அடியில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தது. ஸ்பூனை விட்டுக் கிண்டினாள், ஸ்பூன் வளைந்தது. மாப்பிள்ளை கத்திப் பிடியால் மேலே தட்டிப் பார்த்தார். டொக் என்றது.

லேபில் ஒரு சத்தமும் இல்லாத நேரத்தில் சுவரில் இருக்கும் என் கையெழுத்து எப்படித் தெரியுமோ, அப்படித் தெளிவாக அந்த வாக்கியம் கண் முன்னால் வந்தது. எந்தச் சூட்டில் அளந்தாய்?

"சுடுதண்ணில பாட்டிலை வச்சு இளக்கிடலாம்," என்றேன். "கொஞ்சம் கிரீம் சேத்துக் கரைச்சா சரியாயிடும். கிரீம் இருக்கில்ல?"

"கடைசிப் பாக்கெட்டுண்ணா அது."

"வாங்கிட்டு வந்துடறேன்."

"கல்லு மாதிரி இருக்கு. இளகறதுக்கே ஒரு மணி நேரமாகும். மணி இப்பவே ஒண்ணு."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அழவில்லை. புடவையைச் சற்றே தூக்கி, கெண்டைக்காலைத் தேய்த்துக்கொண்டாள். அந்த நரம்புகளை நான் அன்றுதான் முழுதாகப் பார்த்தேன். இத்தனை வருடம் அந்த வீட்டுக்கு வந்து போயிருக்கிறேன், பேசியதெல்லாம் என் லேபைப் பற்றித்தான்.

"திங்கக்கிழமை ஆறு மணி ஷிஃப்ட்," என்றாள், யாரிடமும் இல்லாமல்.

மாப்பிள்ளை எழுந்தார். ஃப்ரிட்ஜைத் திறந்து, கீழ்த் தட்டில், பாகற்காய்க்குப் பின்னால் கையை விட்டார். அந்த வீட்டில் பாகற்காயை யாரும் தொடுவதில்லை. ஒரு பாட்டிலோடு கை வெளியே வந்தது. மூடி திறக்காத பாட்டில்.

"போன வாரம் அந்தம்மா ஒண்ணத்தான் தொறந்தாங்க. இது ரெண்டாவது. அடுத்த வாரம் ரொட்டிக்கு ஆகும்னு ஒளிச்சு வச்சிருந்தேன்," என்றார். வெட்கப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

பிறகு மேசையில் இருந்த தன் பாட்டிலை ஒரு ரொட்டி மேல் சாய்த்துக் காட்டினார். சாஸ் அவசரமே இல்லாமல் இறங்கி, மடிந்து படிந்து, ஓரத்துக்கு வந்து நின்றுவிட்டது.

"சாஸ்ல ஒரு தப்பும் இல்ல," என்றார் தங்கையிடம். "போன வாரம் அது ஆறவே இல்ல. ஸ்பெஷல் கிளாஸ் டிரிப்புக்கு நேரமாச்சுன்னு நான்தான் உன்ன அவசரப்படுத்தினேன். தப்பு என்னோடது. காலைல ரொட்டியில ஊத்தும்போதுதான் எனக்கே புரிஞ்சது."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "சொல்லிப் பாத்தேன்," என்றார். அவ்வளவுதான்.

ஃப்ரிட்ஜ் குளிர் போவதற்காகப் பாட்டிலை வேனின் முன்கண்ணாடி ஓரம் வெயிலில் வைத்தார். போகிற வழியில் இரண்டு தடவை தொட்டுப் பார்த்து, இடம் மாற்றி வைத்தார். நான் பின்னால், பள்ளிப் பிள்ளைகள் உட்காரும் குட்டை சீட்டில், முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தேன். வரவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கடைக்காரம்மா இந்தத் தடவை மேசை விரிப்பை எடுத்துவிட்டுத்தான் கேக்கை வைத்தார். பாட்டிலைச் சாய்த்தார். தங்கை என் கையைப் பிடித்தாள், சுட்ட விரலைச் சேர்த்து. சாஸ் ஒரு கனத்த நாடாவாக இறங்கியது. கேக்கின் தலை முழுக்கப் பரவியது. ஒரே ஒரு சொட்டு ஓரத்தைத் தாண்டிப் பாதி வழி இறங்கியது. அங்கேயே நின்றது.

கடைக்காரம்மா விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டார். "இப்ப இருக்கு பாரு! போன வாரமே இப்படிக் கொண்டு வந்திருக்கலாமே. என்னம்மா மாத்தின?"

நான் தரையைப் பார்த்தேன். தங்கை சொன்னாள்:

"எங்க அண்ணாம்மா. பெயிண்ட் கம்பெனி லேப்ல கெட்டி பாக்கிறவரு. காலைலேர்ந்து கூடவே நின்னு அளந்து குடுத்தாரு."

"அதானே பாத்தேன்! விஷயம் தெரிஞ்சவங்க கை வச்சாத்தான் சரியா வரும்," என்று கடைக்காரம்மா என் பக்கம் திரும்பினார். "என்ன சார் ரகசியம்?"

வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல ஒரு நல்ல சந்தர்ப்பம். இதோ நிற்கிறாரே இந்த ரொட்டி ஆசாமி, அவரைக் கேளுங்கள் என்று கை காட்டியிருக்கலாம். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, லேபில் புது ஆட்களிடம் பேசுகிற குரலில், "எல்லாம் வெப்பநிலைதாம்மா," என்றேன். கடைக்காரம்மா மரியாதையாகத் தலையாட்டினார். மாப்பிள்ளை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எத்தனையோ அற்பப் பயல்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நிமிஷம் என்னைவிட அற்பமான ஒருவனை எனக்கு ஞாபகம் வரவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து முப்பது பாட்டில் என்று முடிவானது.

நாலு நாள் கழித்துத்தான் தங்கை வீட்டுப் பக்கம் போனேன். கப்பை விட்டுவிட்டு வந்திருந்தேன், அதை எடுக்க. அவள் நாற்காலியில் உட்கார்ந்து, காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு, காலிப் பாட்டில்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் ஓரம் ஒரு சட்டி சாஸ் திறந்தபடி ஆறிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை மேசையில் இருந்தார். ரொட்டி.

தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜுக்குப் போனேன். கதவில், காந்தத்தில், வேன் அட்டவணைத் தாளின் பின்பக்கம். என் கையெழுத்து. பதினாலு, இருபத்திரண்டு, முப்பத்தொன்று, நாற்பது. மூன்றாவது கட்டம் மேலிருந்து கீழ்வரை வெறுமை. அதைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம், தினமும் வேன் வருகைப் பதிவில் பிள்ளைகள் பேருக்குப் போடுகிற மாதிரி நிதானமாகப் போட்டிருந்தது.

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் மென்றுகொண்டிருந்தார். தாளைக் கழற்றக் கையை நீட்டினேன்.

"அது அங்கேயே இருக்கட்டும்ணா," என்றாள் தங்கை. "ஒரு வாரம் தொங்கட்டும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.